ஷேன்: கண்ணீரும் விமர்சகர்களும்

(நமது சங்கத்தின் திரைப்பட மாலையில் 'ஷேன்' படம் முடிந்தபின் ஆற்றிய உரை. வர இயலாத குடியிருப்போருக்காக எழுத்து வடிவில்.)



படம் முடிந்துவிட்டது. பெரியவர்கள் சிலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பின்வரிசை இளைஞர்கள் இரண்டு பேர் "இதெல்லாம் ரொம்ப சென்டிமென்ட்" என்று சொன்னதும் என் காதில் விழுந்தது. இரண்டு தரப்புக்கும் நன்றி. இன்று நான் பேச வந்ததே அந்தச் சண்டையைப் பற்றித்தான். அது நம் ஹாலில் தொடங்கிய சண்டை இல்லை. 1953-இல் இந்தப் படம் வெளியானதிலிருந்து விமர்சகர்கள் இதைத்தான் பேசிவருகிறார்கள்: ஷேன் ஒரு மகத்தான படமா, அல்லது நம்மை அழவைக்க அழகாகத் திட்டமிட்ட படமா?

தாமதமாக வந்தவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் வயோமிங் பகுதி, 1889. 1862-இல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டத்தின்படி, 160 ஏக்கர் நிலத்தில் ஐந்து ஆண்டு குடியிருந்து பயிர் செய்தால் அது சொந்தமாகும். அப்படி வந்து குடியேறிய விவசாயி ஜோ ஸ்டாரெட், அவர் மனைவி மரியன், மகன் ஜோயி. பள்ளத்தாக்கு முழுவதும் தன் மாடுகள் மேய்ந்த இடம் என்று உரிமை கொண்டாடும் ரைக்கர் இவர்களை விரட்டப் பார்க்கிறார். எங்கிருந்தோ குதிரையில் ஒருவன் வருகிறான். பெயர் ஷேன். துப்பாக்கிப் பிழைப்பை விட்டுவிட்டுப் பண்ணை வேலை செய்ய விரும்புகிறான். விதி விடவில்லை. ரைக்கர், வில்சன் என்ற கூலிக் கொலைகாரனை வரவழைக்கிறார். கடைசியில் ஷேன் மறுபடியும் துப்பாக்கியைக் கட்டிக்கொண்டு சலூனுக்குப் போகிறான். (சலூன் என்றால் நம்மூர் முடிதிருத்தும் கடை இல்லை, அங்கே அது மதுக்கடை.) கணக்கை முடித்துவிட்டு, பின்னாலிருந்து சிறுவன் கூப்பிடக் கூப்பிட, திரும்பிப் பார்க்காமல் மலையை நோக்கிப் போகிறான். இவ்வளவுதான் கதை.

ஜாக் ஷேஃபர் எழுதி 1949-இல் புத்தகமாக வந்த நாவல் இது. இயக்கியவர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ். திரைக்கதை ஏ. பி. கத்ரி ஜூனியர். அவரே புலிட்சர் பரிசு வாங்கிய நாவலாசிரியர். ஷேனாக ஆலன் லாட், ஜோவாக வான் ஹெஃப்ளின், மரியனாக ஜீன் ஆர்தர், வில்சனாக ஜாக் பேலன்ஸ், சிறுவனாக பிராண்டன் டிவைல்ட். ஜீன் ஆர்தருக்கு இதுவே கடைசிப் படம். பின்னணியில் பனி மூடி நிற்கிறதே, அது கிராண்ட் டீட்டன் மலைத்தொடர். அங்கேயே போய் 1951-இல் படம்பிடித்தார்கள். படத்தொகுப்புக்கு ஸ்டீவன்ஸ் ஒரு வருடத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டதால், 1953 ஏப்ரலில்தான் படம் வெளியானது.

வந்தவுடன் கிடைத்த வரவேற்பு

முதல் வரவேற்பு நன்றாகவே இருந்தது. நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் பாஸ்லி க்ரௌதர், அசையும் ஓவியம் போல இருக்கிறது என்று பாராட்டினார். அந்தச் சிறுவனின் களங்கமில்லாத பார்வைதான் படத்துக்கு உயிர் என்பதையும் அவர் அன்றே கண்டுகொண்டார். மக்கள் கூட்டமும் சேர்ந்தது.

ஆஸ்கருக்கு ஆறு பரிந்துரைகள்: சிறந்த படம், இயக்கம், திரைக்கதை, வண்ண ஒளிப்பதிவு, துணை நடிகர் பிரிவில் இரண்டு. அந்த இரண்டு பேர் யார் தெரியுமா? ஒருவர் கொலைகார வில்சன், இன்னொருவர் சின்னப் பையன் ஜோயி. படப்பிடிப்பின்போது அவனுக்கு வயது ஒன்பது. கதாநாயகன் ஆலன் லாடுக்குப் பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை. கடைசியில் கைக்கு வந்த ஆஸ்கர் ஒன்றே ஒன்று, லாயல் கிரிக்ஸின் ஒளிப்பதிவுக்கு. சிறந்த படம் உட்பட எட்டு விருதுகளை அந்த வருடம் 'ஃப்ரம் ஹியர் டு எடர்னிட்டி' அள்ளிக்கொண்டு போனது.

அந்த ஒரு ஆஸ்கருக்குப் பின்னால் ஒரு வேடிக்கை இருக்கிறது. படம் எடுக்கப்பட்டபோது திரை கிட்டத்தட்டச் சதுரமாக இருந்தது, நம் பழைய டிவி மாதிரி. படம் வெளியாகும் நேரத்தில் அகலத்திரை மோகம் வந்துவிட்டது. வீட்டு வீட்டுக்குத் தொலைக்காட்சி வந்ததால் தியேட்டரில் கூட்டம் குறைந்த காலம் அது. எனவே பாரமவுண்ட் நிறுவனம் ஷேனை மேலும் கீழும் வெட்டி, அகலப் படமாகக் காட்டியது. கிரிக்ஸ் கவனமாகச் சட்டத்துக்குள் அமைத்த வானத்திலும் தரையிலும் கொஞ்சம் போய்விட்டது. ஒளிப்பதிவுக்காக ஆஸ்கர் வாங்கிய படத்தை, முதலில் பார்த்த பலர் முழுசாகப் பார்க்கவே இல்லை. 60 வருடம் கழித்து, 2013-இல் ப்ளூரே வட்டு வந்தபோது இந்தச் சண்டை மறுபடி கிளம்பியது. முதலில் அகல வடிவம் என்று அறிவித்தார்கள். ரசிகர்களும் விமர்சகர்களும் எதிர்த்தார்கள். கடைசியில் ஸ்டீவன்ஸ் எடுத்த பழைய வடிவிலேயே வட்டு வெளியானது. இன்று நீங்கள் திரையின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டையைப் பார்த்து "ப்ரொஜெக்டர் சரியில்லையோ" என்று நினைத்திருந்தால், சரியாகத்தான் இருந்தது. அந்தப் பட்டைக்காகவே சிலர் போராடியிருக்கிறார்கள்.

மூன்று குற்றச்சாட்டுகள்

இனி எதிர்ப்புக்கு வருவோம். ஷேனைக் குறை சொன்னவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை.

முதலாமவர் ராபர்ட் வார்ஷோ. அமெரிக்க விமர்சகர். 1954-இல் 'பார்ட்டிசன் ரிவ்யூ' இதழில் மேற்கத்திய நாயகனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கௌபாய் படங்களைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இன்றுவரை அதிகம் பேசப்படும் கட்டுரைகளில் ஒன்று. அதில் அவர் கேட்டதன் சாரம் இது: ஷேன் ஒரு மனிதனா, அல்லது மேற்கு நிலத்தின் ஆவியா? மலையிலிருந்து இறங்கி வருகிறான், தீமையின் உருவமான கறுப்பு உடைக்காரனை அழிக்கிறான், மறைந்துவிடுகிறான். அந்தப் பையனே மனதுக்குள் கற்பனை செய்துகொண்ட கதையோ என்று தோன்றுகிற அளவுக்கு இது தேவதைக் கதையாகிவிட்டது. வார்ஷோவுக்குப் பிடித்த நாயகன் களைத்தவன், முகத்தில் சுருக்கம் விழுந்தவன், தான் செய்வது முழுக்கச் சரியில்லை என்று உள்ளுக்குள் அறிந்தவன். ஆலன் லாடின் வழவழப்பான முகத்திலும், கசங்காத தோலாடையிலும் அது அவருக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாமவர் பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பசான். போருக்குப் பிறகு வந்த சில மேற்கத்தியப் படங்களுக்கு அவர் ஒரு பெயர் வைத்தார்: 'சூப்பர் வெஸ்டர்ன்'. பாராட்டு மாதிரி ஒலிக்கும், ஆனால் கிண்டல். வெறும் கௌபாய் படமாக இருக்க வெட்கப்பட்டு, அதற்கு மேல் எதையாவது சேர்த்துத் தன்னை உயர்த்திக்கொள்ளும் படம் என்று அர்த்தம். சில படங்கள் அரசியலைச் சேர்க்கும், சில மனோதத்துவத்தைச் சேர்க்கும். ஷேன் செய்தது இன்னும் விநோதம் என்றார் பசான். அது புராணத்தையே எடுத்து, "இதோ பாருங்கள், இது புராணம்" என்று காட்டுகிறது. ஷேன், குதிரையேறிய பழங்கால வீரனின் மறுபிறவி என்பதை நாமே கண்டுபிடிக்க விடாமல் படமே சொல்லிவிடுகிறது.

மூன்றாமவர் பாலின் கேல். அடுத்த தலைமுறையில் அமெரிக்காவின் மிகக் கூர்மையான பேனா. அவர் நீட்டி முழக்கவில்லை. அதிகமாகத் திட்டமிட்ட, உள்ளிருந்து ஊற்றெடுக்காத படம், தன் முக்கியத்துவத்தைத் தானே உணர்ந்துகொண்டு நடக்கிறது என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

காலமும் அந்தப் பக்கம் சாய்ந்தது. ஜான் ஃபோர்டின் 'தி சர்ச்சர்ஸ்' 1956-இல் வந்தபோது ஓர் ஆஸ்கர் பரிந்துரைகூடப் பெறவில்லை. ஆனால் பின்னாளில் விமர்சகர்களின் அன்பு அதன் பக்கம் போனது. அமெரிக்கத் திரைப்படக் கழகம் 1998-இல் வெளியிட்ட நூறு படப் பட்டியலில் ஷேன் 69-ஆவது இடம், தி சர்ச்சர்ஸ் 96-ஆவது. 2007-இல் அந்தப் பட்டியலைத் திருத்தியபோது ஷேன் 45-க்கு முன்னேறியது. தி சர்ச்சர்ஸ் 12-க்குத் தாவிவிட்டது. அதாவது, ஷேனின் மதிப்பு விழவில்லை, உயரவே செய்தது. அதற்கு முன்பே, 1993-இல், அமெரிக்க நூலகக் காங்கிரஸின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் அது சேர்ந்துவிட்டது. ஆனால் 'மிகச் சிறந்த கௌபாய் படம்' என்ற நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார்.

எதை வைத்து அளப்பது?

இப்போது நம் கேள்விக்கு வருகிறேன். அழவைப்பது குற்றமா?

நாம் ஒரு படத்தைப் பார்த்து அழுதுவிட்டு, வெளியே வந்ததும் "சும்மா சென்டிமென்ட்" என்று தோளைக் குலுக்குகிறோம். அழுததற்காக வெட்கப்படுகிறோம். எனக்குக் கண்ணீர் ஒரு பிரச்சினையாகத் தெரியவில்லை. நான் கேட்பது ஒரே கேள்விதான்: நம்மை அழவைப்பதற்காக இந்தப் படம் எதையாவது மறைக்கிறதா? எதிரியின் நியாயத்தை மறைக்கிறதா? வன்முறையின் விலையை மறைக்கிறதா? பெரியவர்களின் சிக்கலை மறைக்கிறதா? மறைத்திருந்தால் அது ஏமாற்று. மறைக்காமல் காட்டிவிட்டும் அழவைத்தால் அதைக் குறை சொல்ல முடியாது. ஷேனை இந்த அளவுகோலில் நிறுத்திப் பார்ப்போம்.

முதலில் எதிரி. ரைக்கர் ஒரு இரவு ஸ்டாரெட் வீட்டுக்கு வந்து பேசுகிறாரே, நினைவிருக்கிறதா? இந்த நிலம் காடாகக் கிடந்தபோது நாங்கள் வந்தோம், செயேன் பழங்குடியினருடன் சண்டை போட்டோம், அம்பு பாய்ந்த தோள் இன்றும் வலிக்கிறது, எல்லாம் முடிந்து அமைதியான பிறகு நீங்கள் வந்து வேலி போட்டு, என் மாடுகளைத் தண்ணீரிலிருந்து தடுக்கிறீர்கள் என்கிறார். ஒரு சாதாரணப் படத்தில் வில்லனுக்கு இவ்வளவு நேரமும் இவ்வளவு நியாயமும் கொடுக்க மாட்டார்கள். ஸ்டாரெட்டின் பதிலும் சரியானது: உங்களுக்கு முன்பும் இங்கே வேட்டைக்காரர்களும் வியாபாரிகளும் இருந்தார்களே, நீங்கள்தான் முதலில் வந்தவர் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? தண்ணீருக்காக யார் முதலில் வந்தார்கள், யார் பிறகு வந்தார்கள் என்று வாதாடுவது நமக்கும் புதிதில்லை. கோடையில் டேங்கர் வரும் நாட்களில் நம் பொதுக்குழுவுக்கு வந்து பாருங்கள்.

இரண்டாவது, வன்முறையின் விலை. இங்கே ஸ்டீவன்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போருக்கு முன்பு அவர் நகைச்சுவை, நடனப் படங்களுக்குப் பேர்போனவர். 1939-இல் 'கங்கா தீன்' எடுத்தார். இந்தியாவின் வடமேற்கு எல்லையில் நடக்கும் அந்தப் படத்தில் சண்டையும் சாவும் உற்சாகமான விளையாட்டு. பிறகு இரண்டாம் உலகப் போர். அமெரிக்க ராணுவத்தின் படப்பிடிப்புக் குழு ஒன்றை அவர் தலைமையேற்று நடத்தினார். நார்மண்டி கரையிறக்கம் முதல் போனார். 1945-இல் டாஹாவ் வதைமுகாமுக்குள் கேமராவுடன் நுழைந்தார். நாஜி முகாம்களைப் பற்றி அவர் மேற்பார்வையில் உருவான படம் நியூரம்பர்க் விசாரணையில் சாட்சியமாகக் காட்டப்பட்டது. ஊர் திரும்பிய பிறகு அவர் பழையபடி சிரிப்புப் படம் எடுக்கவில்லை.

அந்த மனிதர் எடுத்த கௌபாய் படம் இது. இதில் துப்பாக்கி எத்தனை முறை வெடிக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மிகக் குறைவு. ஆனால் ஒவ்வொரு முறையும் நாம் நாற்காலியில் துள்ளுகிறோம். ஷேன் பையனுக்குச் சுட்டுக் காட்டுகிற இடத்தில் வரும் சத்தம் பீரங்கி மாதிரி கேட்கிறது. அப்படிக் கேட்க வேண்டும் என்றே சத்தத்தைப் பெரிதாக்கிப் பதிவு செய்தார்கள். பிறகு டோரி சாகும் காட்சி. சேறும் சகதியுமான தெரு. மேலே பலகை நடைபாதையில் நிதானமாகக் கையுறை மாட்டிக்கொள்ளும் வில்சன். கீழே சேற்றில் வழுக்கும் சின்ன உருவம். டோரி துப்பாக்கியைப் பாதி உருவியதும் நின்றுவிடுகிறான், தோற்றுவிட்டோம் என்று அவனுக்கே தெரிந்துவிடுகிறது. ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. பிறகு வெடி. அவன் பின்னால் தூக்கி எறியப்பட்டுச் சேற்றில் விழுகிறான். நடிகரின் உடலில் கம்பி கட்டி இழுத்தே அதை எடுத்தார்கள். அதற்கு முந்தைய கௌபாய் படங்களில் குண்டு பட்டவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாகரிகமாகச் சாய்வான். இங்கே ஒரு மனிதனின் எடை தெரிகிறது.

அத்தோடு விடவில்லை. அவன் உடலை இன்னொருவர் சேற்றில் இழுத்துக்கொண்டு போகிறார். அடக்கம் நடக்கிறது. அவன் நாய் சவப்பெட்டியைக் காலால் பிறாண்டுகிறது. குழந்தைகளுக்கு ஒன்றும் புரியவில்லை, விளையாடப் பார்க்கிறார்கள். இது சென்டிமென்டா? ஆம். ஆனால் கொலைக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதை மறைக்காத சென்டிமென்ட்.

மூன்றாவது, பெரியவர்களின் சிக்கல். இந்தப் படத்தைப் பையனின் கண்ணால் பார்க்கிறோம். அவனுக்கு ஷேன் ஒரு தெய்வம். வார்ஷோ சொன்ன தேவதைக் கதைத்தன்மை இங்கிருந்துதான் வருகிறது. ஆனால் கேமரா, பையன் பார்க்காததையும் பார்க்கிறது. மரியன் ஷேனை எப்படிப் பார்க்கிறாள் என்று ஜோயிக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். ஜூலை 4 கொண்டாட்டத்தில் அவர்கள் இருவரும் ஆடுவதை ஜோ வேலிக்கு அப்பால் நின்று பார்க்கிறார். அவர் முகத்தில் கோபம் இல்லை, புரிந்துகொண்டது மட்டும் இருக்கிறது. கடைசியில் தான் சாகக்கூடிய சண்டைக்குக் கிளம்பும்போது மனைவியிடம் ஏறக்குறைய இப்படிச் சொல்கிறார்: நான் கொஞ்சம் மந்தம்தான், ஆனால் எல்லாம் எனக்குத் தெரியும், எனக்கு ஏதாவது ஆனால் உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. ஒரு கணவன் இதைச் சண்டையில்லாமல், கறையில்லாமல் சொல்கிறான். மூன்று பேரும் நல்லவர்கள், யாரும் எல்லை தாண்டவில்லை. இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த வீரம் சலூனில் நடப்பது இல்லை. ஜோ அந்த வாக்கியத்தைச் சொல்லி முடிக்கிறாரே, அதுதான்.

2000-இல் ரோஜர் ஈபர்ட் இந்தப் படத்தை மறுபடி பார்த்து எழுதியபோது இந்த அடிநீரோட்டங்களைத்தான் கவனித்தார். எளிமையான கதை போலத் தெரிந்தாலும், ஷேன் மனதில் என்ன இருக்கிறது, அவன் ஏன் இப்படி நடந்துகொள்கிறான் என்ற கேள்விகளுக்குப் படம் எளிதாகப் பதில் சொல்வதில்லை என்பது அவர் பார்வை. அடுத்த வருடம் வூடி ஆலனிடம் நியூயார்க் டைம்ஸ் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து உடன் உட்கார்ந்து பார்க்கச் சொன்னது. ஐரோப்பியக் கலைப்படங்களின் ரசிகர் என்று பெயர் பெற்றவர், ஏதாவது ஒரு சுவீடன் படத்தைச் சொல்வார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவர் ஷேனைச் சொன்னார். கௌபாய் படம் என்ற அடைமொழியே இதற்கு வேண்டாம், எந்தப் படத்தோடும் நிற்கும் என்பது அவர் கட்சி.

மறைத்தது ஒன்று உண்டு

ஆனால் என் அளவுகோல் நேர்மையாக இருக்க வேண்டும் என்றால், படம் மறைத்ததையும் சொல்லியாக வேண்டும்.

ரைக்கர் வாதாடுகிறார், ஸ்டாரெட் பதில் சொல்கிறார். யார் முதலில் வந்தது என்று இரண்டு பேரும் பேசும்போது, செயேன் என்ற பெயர் தோளில் பாய்ந்த ஓர் அம்பாக மட்டுமே வருகிறது. வயோமிங் நிலம் செயேன், ஷோஷோனி, அரபஹோ, குரோ மக்களின் நிலம். அந்தப் பள்ளத்தாக்கில் அவர்களில் ஒருவர்கூடக் கண்ணில் படவில்லை. காலி வீட்டைப் பங்கு போடுவது போல இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள். வீட்டில் முன்பு இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று படம் கேட்கவில்லை. 'தி சர்ச்சர்ஸ்' பழங்குடியினரை நியாயமாகக் காட்டிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தன் நாயகனின் இனவெறுப்பையே அது நடுவில் வைத்துக் கேள்வி கேட்டது. விமர்சகர்களின் மனம் அந்தப் பக்கம் போனதற்கு இது ஒரு காரணம்.

இன்னொன்று. வயோமிங்கில் இப்படி ஒரு மோதல் உண்மையிலேயே நடந்தது. 1892-இல், ஜான்சன் கவுண்டியில். பெரிய மாட்டுப் பண்ணையார்கள் டெக்சாஸிலிருந்து கூலிக்குத் துப்பாக்கிக்காரர்களை ரயிலில் கொண்டுவந்தார்கள். இரண்டு பேரைக் கொன்றார்கள். பதிலுக்கு அந்த ஊர் மக்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு அவர்களைச் சுற்றி வளைத்தார்கள். ராணுவம் வந்து கூலிப்படையைக் காப்பாற்றியது. கடைசியில் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. அங்கே ஷேன் வரவில்லை. ஊர்தான் எழுந்து நின்றது. நீதியும் கிடைக்கவில்லை. வரலாறு சொல்லும் கதையில் ஆறுதல் குறைவு, ஆட்கள் அதிகம். படத்தில் ஒரே ஆள் வந்து எல்லாவற்றையும் தீர்த்துவைக்கிறான். 'எவனாவது ஒருத்தன் வருவான்' என்ற ஆசை எந்த ஊர் மக்களுக்கும் உண்டு. அந்த ஆசையைப் படம் நிறைவேற்றிவைக்கிறது. அந்த அளவில் வார்ஷோ சொன்னதை நான் ஏற்கிறேன். அது தேவதைக் கதைதான்.

அந்தக் கடைசிக் கூப்பாடு

என்றாலும் அந்தத் தேவதைக் கதையின் முடிவைப் பாருங்கள். காப்பாற்ற வந்தவன் அங்கேயே தங்கி, விருந்து சாப்பிட்டு, சுபம் போடவில்லை. கொன்றவனுக்கு இங்கே இடமில்லை, அந்த முத்திரை ஒட்டிக்கொண்டுவிட்டது, அழியாது என்று பையனிடம் சொல்கிறான். பள்ளத்தாக்கில் இனி துப்பாக்கி இல்லை என்று உன் அம்மாவிடம் சொல் என்கிறான். முன்பு ஒருநாள் மரியன், இங்கே ஒரு துப்பாக்கிகூட இல்லாவிட்டால் நல்லது, உன்னுடையதையும் சேர்த்துத்தான் என்று சொல்லியிருந்தாள். அப்போது அவன், துப்பாக்கி ஒரு கருவிதான், நல்லதும் கெட்டதும் பிடித்திருக்கும் கையைப் பொறுத்தது என்று வாதாடினான். கடைசியில் அவன் தன் வாதத்தையே கைவிட்டு அவள் பக்கம் வந்துவிடுகிறான். பள்ளத்தாக்கிலிருந்து வெளியேற வேண்டிய கடைசித் துப்பாக்கி அவனுடையது.

பையன் கூப்பிடுகிறான். முதலில் அப்பாவுக்கு உன்னால் வேலை இருக்கிறது, அம்மாவுக்கு நீ வேண்டும் என்கிறான். அவன் சொல்வது இன்னதென்று அவனுக்கே தெரியாது. மலை எதிரொலிக்கிறது. அந்தக் கூப்பாடு அமெரிக்க சினிமாவின் புகழ்பெற்ற நூறு வசனங்களின் பட்டியலில் 47-ஆவதாக இடம்பிடித்தது. ஷேன் கல்லறைகளைக் கடந்து போகிறான். உடல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. அவன் செத்துவிட்டானா, உயிரோடு போகிறானா என்று இன்றும் வாதம் நடக்கிறது. 1998-இல் வந்த 'தி நெகோஷியேட்டர்' படத்தில் இரண்டு பாத்திரங்கள் பிணைக்கைதி நெருக்கடிக்கு நடுவே இதை விவாதிக்கிறார்கள். கிளின்ட் ஈஸ்ட்வுட் 1985-இல் 'பேல் ரைடர்' என்று ஏறக்குறைய இதே கதையை எடுத்தார். 2017-இல் 'லோகன்' படத்தில் ஒரு சிறுமி டிவியில் ஷேனைப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு கல்லறைக்கு முன், ஷேன் பையனிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தைகளையே சொல்கிறாள். நம் பேரப்பிள்ளைகளில் பலர் ஷேனை முதலில் பார்த்தது அங்கேதான்.

அந்தக் கூப்பாடு வெறும் பாசம் என்றால் இத்தனை வருடம் நின்றிருக்காது. என் கணிப்பு இது: அந்தக் குரலில் சிறுவன் இன்னும் நம்புகிறான், நாமோ ஷேன் திரும்ப மாட்டான் என்று அறிந்திருக்கிறோம். திரும்பக் கூடாது என்றும் அறிந்திருக்கிறோம். அவன் திரும்பினால் துப்பாக்கியும் திரும்பும். ஜோவின் வீடும் உடையும். பையனோடு சேர்ந்து 'வா' என்று மனம் சொல்கிறது, 'வராதே' என்று புத்தி சொல்கிறது. அந்த இடத்தில்தான் பெரியவர்களுக்குக் கண் கலங்குகிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பின்வரிசைத் தம்பிகளே, நீங்கள் சொன்னதும் தவறில்லை. உங்கள் பக்கம் வார்ஷோ, பசான், பாலின் கேல் மூன்று பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள், நல்ல துணைதான். ஒரே ஒரு வேண்டுகோள். இந்தப் படத்தை வீட்டில் இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். ஷேனைப் பார்க்க வேண்டாம், அவனைப் பார்ப்பவர்களின் முகங்களை மட்டும் பாருங்கள். ஜோ, மரியன், சலூன் கதவுக்குக் கீழே குனிந்து பார்க்கும் ஜோயி. பிறகும் 'சும்மா சென்டிமென்ட்' என்று தோன்றினால் அடுத்த கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள். அடுத்த காலாண்டில் 'தி சர்ச்சர்ஸ்' போடலாம் என்று செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு நாமே ஒரு தீர்ப்பு எழுதுவோம்.

காபி ஆறிப்போவதற்குள் முடித்துக்கொள்கிறேன்.